ஒரு விரல் நுரை

கடலூர் முதுநகர்,
15 பிப்ரவரி 2025

மாமா,

வீட்டு முகவரிக்கு அனுப்பினால் அக்கா பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாள். அதனால் கீழ வீதி பேப்பர் ஏஜெண்ட் பக்கிரி அண்ணன் கடைக்கு அனுப்புகிறேன். என் போன் எண்ணை அக்கா தடுத்து வைத்திருக்கிறாள். என் எண் இல்லாவிட்டால் பெண்டாட்டி எண் என்று, ரேகா போனிலிருந்து உங்களுக்கு அடித்தேன். எடுத்ததும் அக்காதான். "எனக்குத் தம்பின்னு எவனும் கெடையாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். கயல் என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உங்கள் கால் மட்டும் தெரிந்தது. கால் ஆடியது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். கயல் சென்னையிலிருந்து ஓட்டலுக்கு அனுப்பிய மின்னஞ்சலை மேலாளர் கலியமூர்த்தி சார் படிக்கக் கொடுத்தார். "எலுமிச்சை ஜூஸ் கேட்ட என் அப்பாவுக்கு, அவருக்குத் தெரியாமல் மதுவைக் கலந்து கொடுத்த ஊழியர்" என்று இருக்கிறது. அந்த ஊழியர் நான்தான் மாமா. அவள் சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள்.

மார்ச் 6ஆம் தேதி விசாரணை. ஆர்டர் சீட்டு என் கையெழுத்தில் இருப்பதால் அதை ஏற்க முடியாது என்கிறார்கள். கேமராவில் படம் இருக்கிறது, பேச்சு இல்லை. நீங்கள் என்ன கேட்டீர்கள், நான் என்ன கொடுத்தேன் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஜூஸில் சரக்கு கலந்தவன் என்று பெயர் வந்துவிட்டால் கடலூரில் மட்டுமல்ல, புதுச்சேரியிலும் எந்த பாரும் என்னை உள்ளே விடாது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

ஒரு பக்கம் போதும். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எழுத்தில் தேதியோடு இருந்தால்தான் எதையும் நம்புவேன் என்று சொல்பவர் நீங்கள்.

கதிரவன்


சிதம்பரம்,
19 பிப்ரவரி 2025

கதிர்,

உன் கடிதம் நேற்று காலை பதினோரு மணிக்குப் பக்கிரியிடம் வந்து, பதினொன்றே காலுக்கு என்னிடம் வந்தது. அவர் பிரிக்கவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

உடம்பு தேவலை. உதட்டு வீக்கம் இரண்டாம் நாளே வடிந்துவிட்டது. குரல் மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது.

அன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தேன். மஞ்சக்குப்பம் கல்யாண மண்டபத்திலிருந்து காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று மங்கலத்திடம் சொல்லிக் கிளம்பியது 11.40. உன் ஓட்டலுக்கு வந்தது 11.55. நீ முதலில் "வாங்க சார்" என்றாய். அப்புறம்தான் முகத்தைப் பார்த்துவிட்டு "மாமா!" என்றாய். "உன் கையால எது நல்லா வரும்?" என்று கேட்டேன். "விஸ்கி சவர்" என்றாய். "அதுல என்னா இருக்கும்?" என்றேன். "நம்ம எலுமிச்சதான் மாமா" என்றாய். ஒரு குட்டைக் கண்ணாடிக் குவளை. பொன் நிறம். மேலே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை நுரை, அதன்மேல் மூன்று சிவப்புச் சொட்டு. முதல் மடக்கு 12.10. குடித்து முடித்தது 12.25. நன்றாக இருந்தது. அதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

12.35க்கு ஆட்டோவில் உள்ளங்கை அரித்தது. மண்டபத்து வாசலில் இறங்கும்போது உதடு தடித்திருந்தது. மூச்சு பாதிதான் உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். "என்னா சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டபோது மங்கலம் பக்கத்தில் நின்றாள். "எலுமிச்சை ஜூஸ்" என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கலந்தாய் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள். வாசனையை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

இது ஒவ்வாமை என்கிறார் டாக்டர். எதனால் என்று தெரியாமல் விடக்கூடாது, அடுத்த முறை ஊசிக்கு நேரம் இருக்காது என்கிறார். அதுவரைக்கும் நான் ஒப்புக்கொண்ட ஒரே பொருளான எலுமிச்சை விலக்கு. மங்கலம் மூன்று ஜாடி ஊறுகாயையும் கொல்லையில் கொட்டிவிட்டாள். உப்பு அங்கே இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. தினமும் பார்க்கிறேன்.

நீ கேட்டதை எழுதிக் கொடுப்பது சுலபமில்லை. நான் தொடமாட்டேன் என்று உன் அக்கா நம்பி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கோயில் உழவாரக் குழுவில் வேறு இருக்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு. அதற்குள் அந்தக் குவளையில் இருந்தவற்றை ஒன்று விடாமல் எனக்கு எழுது. டாக்டருக்கு வேண்டும்.

வைத்திலிங்கம்


கடலூர் முதுநகர்,
22 பிப்ரவரி 2025

மாமா,

அவகாசம் என்னிடம் இல்லை. மார்ச் 6 மார்ச் 6தான்.

கேட்ட பட்டியல் இது. விஸ்கி அறுபது மில்லி. புதுப் பாட்டில், மூடியை உங்கள் எதிரில்தான் திருகினேன். அன்றைக்கு அதே பாட்டிலில் இன்னும் ஆறு பேர் குடித்தார்கள், ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு முப்பது மில்லி. கப்பலில் பெரிய மஞ்சள் எலுமிச்சை வரும். நம்ம ஊர்ப் பழத்தில் கடுப்பு ஜாஸ்தி, அதனால் பாகைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுவேன். பாகுக்குச் சர்க்கரை பெண்ணாடத்துக் கடையிலிருந்து நானே வாங்கி வந்தது. சிவப்புச் சொட்டு என்பது மூலிகைக் கசப்புச் சாறு. ஐஸ். அவ்வளவுதான். நுரை, குலுக்குவதால் வருவது.

உங்கள் கடிதத்தை ரேகா இரண்டு முறை படித்தாள். "அவரு பொய் சொல்லல, ஆனா நெசத்தையும் சொல்லல. பத்திரிகைக்காரரு இல்ல?" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துகிறவள், பாதி மதிப்பெண் போடுவதில் கைதேர்ந்தவள்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வருஷத்தில் எந்த விசேஷத்திலும் என்னை என் வேலையைச் சொல்லி நீங்கள் அறிமுகப்படுத்தியதில்லை. "மச்சான் கப்பல்ல இருந்தாரு" என்பீர்கள். கப்பலில் என்னவாக இருந்தேன் என்று கேட்டால் பேச்சை மழைக்குத் திருப்புவீர்கள். கயல் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் "ஓட்டல் நிர்வாகம்" என்றீர்கள். ஊற்றிக்கொடுக்கிற வேலை என்று நீங்கள் அக்காவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, துடைத்த கவுண்ட்டரையே இன்னொரு முறை துடைத்தேன் மாமா. ஒரு பெரிய மனிதர் என் வேலையைப் பார்க்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். இப்போது அதே மனிதருக்கு, தான் கேட்டுத்தான் குடித்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கதிரவன்


சிதம்பரம்,
25 பிப்ரவரி 2025

கதிர்,

நீ எழுதியதில் மறுக்க ஒன்றும் இல்லை. "ஊற்றிக்கொடுக்கிற வேலை" என்று சொன்னேன். மாடியில் நீ இருந்தது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்பது சமாதானம் ஆகாது.

என் முந்தைய கடிதத்தில் ஒரு விடுதல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு மங்கலம் கட்டில் பக்கத்தில் வந்து, "ஜூஸ்ல என்னத்தங்க கலந்தான் அவன்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். வாய் வீங்கியிருந்தது, உண்மை. தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. அந்தத் திரும்பலைத்தான் அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள், கயலுக்குச் சொன்னாள், கயல் எழுதினாள். முப்பத்தாறு வருஷம் தாலுகா நிருபராக இருந்தவனுக்கு, பேசாமல் இருப்பதும் ஒரு செய்திதான் என்று தெரியாதா? தெரியும்.

அடுத்து உன் பட்டியல். அதைச் சோதித்துப் பார்த்தேன்.

நேற்று மாலை நான்கு மணிக்குப் பக்கிரி கடையின் பின்பக்கம். மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில் ஒன்று. எலுமிச்சை, பாகு, ஐஸ் நான் வாங்கினேன். மற்றது பக்கிரி ஏற்பாடு, எங்கிருந்து என்று கேட்கவில்லை. கசப்புச் சாறு மட்டும் கிடைக்கவில்லை. எலுமிச்சையைத் தொட எனக்குத் தடை என்பதால் பிழிந்தது, குலுக்கியது எல்லாம் அவர். கை ஓயும் வரை குலுக்கினார். ஊற்றியபோது மேலே மெல்லிய நுரை வந்தது. எண்ண ஆரம்பித்தேன். பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. இரண்டாம் முறை, ஒன்பது. மூன்றாம் முறை பக்கிரி, "சார், ஒங்க ஆராய்ச்சி முடியறதுக்குள்ள நான் விழுந்துடுவேன்" என்றார். மூன்றையும் அவர்தான் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பாட்டுப் பாடினார்.

உன் குவளையில் நுரை பதினைந்து நிமிஷம் நின்றது. நான் குடித்து முடித்த பிறகும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதிர், குலுக்குவதால் மட்டும் அந்த நுரை வராது. ஒன்றை விட்டிருக்கிறாய். நான் ஒன்றை விட்டேன், எழுதிவிட்டேன். இப்போது உன் முறை.

வைத்திலிங்கம்


அஞ்சலட்டை
27 பிப்ரவரி

மாமா, கடிதம் கிடைத்தது. பால், நெய்ப் பலகாரம் தவிர வேறு எதையும் டாக்டர் சொல்லும் வரை வெளியில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். பேக்கரிப் பக்கம் போகவே வேண்டாம். ஏன் என்று இரண்டு நாளில் எழுதுகிறேன். அட்டையில் எழுத முடியாது, பக்கிரி அண்ணன் படிப்பார்.

கதிர்


கடலூர் முதுநகர்,
1 மார்ச் 2025

மாமா,

முட்டையின் வெள்ளைக்கரு.

ஒரு முட்டையில் பாதி அளவு. பச்சையாக. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்க வேண்டும், அப்புறம் ஐஸ் போட்டுக் குலுக்க வேண்டும். அப்போதுதான் நுரை பட்டுத் துணி மாதிரி நிற்கும். எலுமிச்சையின் கடுப்பு நாக்கில் குத்தாமல் அது ஏந்திக்கொள்ளும். அது இல்லாமலும் விஸ்கி சவர் போடலாம். பல பேர் அப்படித்தான் கேட்பார்கள். என்னைப் பொறுத்தவரை அதில்தான் கைத்திறமை.

வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பேன். கப்பலில் முதல் நாள் பாடமே அது. பதின்மூன்று வருஷத்தில் ஒருவரிடமும் கேட்காமல் விட்டதில்லை. உங்களிடம் கேட்கவில்லை.

மறந்துபோய் இல்லை. முட்டையைக் கையில் எடுத்து, உங்களைப் பார்த்தேன். நீங்கள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். எழுந்தே போய்விடுவீர்கள் என்றும் தோன்றியது. பெண்ணாடத்தில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே வாயில் எடுக்கமாட்டோம், உங்களுக்குத் தெரியும். பிஸ்கட் வாங்கினால்கூட அம்மா "அது சேந்ததா?" என்றுதான் கடைக்காரரைக் கேட்பார். அந்த வீட்டு மாப்பிள்ளையிடம் போய் "மாமா, முட்டை சேக்கட்டுமா?" என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒரே ஒரு முறை, முழுசாக, சரியாகப் போட்டதை நீங்கள் குடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. குனிந்து கவுண்ட்டருக்குக் கீழே வைத்து உடைத்தேன். திருட்டுத்தனம்தான்.

முட்டையாக இருக்குமோ என்ற சந்தேகம் ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்துவிட்டது. பட்டியலில் அதை விட்டது பெரிய தப்பு. டாக்டருக்கு என்று நீங்கள் கேட்டும் விட்டேன். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் நுரைக் கணக்கு வந்த அன்று, ஏன் பிடிபட்டோம் என்று இல்லாமல், அப்பாடா என்றுதான் இருந்தது.

நாளைக்கே டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் ஓட்டலுக்கு எழுத வேண்டாம். வேலையை நானே எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறேன். நீங்கள் எழுதினால் முட்டையும் எழுத வேண்டிவரும், அது அக்காவுக்குத் தெரியும். உங்களுக்குச் சரக்கு ஊற்றினவன் என்று அவள் என்னை நினைத்தால் ஒருநாள் ஆறும். கோயில் உழவாரத்துக்குப் போகிற அவள் புருஷனுக்கு முட்டை கொடுத்தவன் என்று தெரிந்தால் ஆறாது.

கதிர்


சிதம்பரம்,
4 மார்ச் 2025

கதிர்,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். விலகல் கடிதம் எதுவும் எழுதாதே. எழுதியிருந்தால் கிழி.

நேற்று உன் கடிதம் கிடைத்த கையோடு பன்னிரண்டு மணிக்கு டாக்டரைப் பார்த்தேன். நான் ஒவ்வாமை மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் இந்தச் சோதனை சரியாக வராதாம். முன்னங்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து ஊசிமுனையால் தொட்டார்கள். எலுமிச்சைக்கு ஒன்றும் இல்லை. கோதுமை, கடலை, பால், ஒன்றும் இல்லை. வெள்ளைக்கரு வைத்த இடத்தில் பதினைந்து நிமிஷத்தில் எட்டணா அகலத்துக்குத் தடித்தது. டாக்டர் அனுப்பிரியாவுக்கு உன் வயதுதான் இருக்கும். "அறுபத்தொரு வயசு வரைக்கும் முட்டையே சாப்பிடாததால இது தெரியாமலே இருந்திருக்கு" என்றார். பத்திரிகை அலுவலகத்தில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டிருக்கிறேனே என்றேன். அது வெந்தது, சிலருக்கு வெந்தது ஒன்றும் செய்யாது, பச்சை செய்யும் என்றார். எனக்கு இரண்டு செய்தி ஒரே நேரத்தில் கிடைத்தது. கேக்கில் முட்டை உண்டு என்பது இரண்டாவது. முட்டையில்லாத கேக் என்று சொல்லித்தான் இருபது வருஷம் கொடுத்தார்கள்.

வெளியே வந்து மருத்துவமனைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மூன்று வாரமாக எதை வாயில் வைத்தாலும் இதுவாக இருக்குமோ என்று பயந்தவன். அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் கிடைத்ததும் கால் லேசானது.

வீட்டுக்குப் போனதும் மங்கலத்தைக் கூடத்தில் உட்காரச் சொன்னேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"மங்கலம், அன்னைக்கு நான் ஜூஸ் கேக்கல. விஸ்கி கேட்டேன். கதிரு நான் கேட்டதத்தான் குடுத்தான்."

"முப்பத்தொரு வருஷமா மாசத்துல ஒரு நாள் ஏலக்காய மென்னுகிட்டு வூட்டுக்கு வர்றீங்க. எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சீங்களா?"

"தெரியுமா?"

"தெரியும். மாசத்துல ஒரு நாள்தானேன்னு வுட்டேன்."

"அதுல முட்டை இருந்திருக்கு. வெள்ளைக்கரு. அதுதான் ஒத்துக்கல."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். நான் முட்டையைப் பற்றித்தான் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு.

"அப்ப எந்தம்பி ஒண்ணும் கலக்கல."

"இல்ல."

"ஆஸ்பத்திரியில நான் கேட்டப்ப தெரியும் ஒங்களுக்கு."

"தெரியும்."

"செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தீங்க. நான் அந்தப் புள்ளய, எனக்குத் தம்பியே கெடையாதுன்னு போன்ல சொன்னேன். எங்கம்மா போனப்பொறவு என் கையால சோறு தின்னவன்ங்க."

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இன்று காலை காபி வந்தது, டம்ளர் மேஜையில் வைக்கப்பட்ட சத்தம் கொஞ்சம் அதிகம். முட்டையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை இல்லை. நீயும் நானும் எதற்குப் பயந்தோமோ அது நடக்கவே இல்லை. நாம் கணக்கில் எடுக்காததற்குத்தான் அவள் அழுதாள்.

உன் மேலாளருக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நேரம், இடம், பேச்சு எல்லாம் இருக்கிறது. முட்டையும் இருக்கிறது, ஏனென்றால் அதை விட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள். நேரில் வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வந்தால் பேச்சில் பூசி மெழுகிவிடுவேன். எழுத்தில் வைத்தால் திரும்பிப் படுக்க முடியாது. டாக்டர் சீட்டின் நகலும் உள்ளே இருக்கிறது. கயலும் தன் புகாரைத் திரும்பப் பெறுவதாக நேற்று மாலை எழுதிவிட்டாள். உன்னிடம் பேச அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம், கொஞ்ச நாள் விடு.

வைத்திலிங்கம்


கடலூர் முதுநகர்,
7 மார்ச் 2025

மாமா,

திங்கள்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். முக்கியமானது முதல் வரியில் வர வேண்டும் என்பது நீங்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

நேற்று பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கலியமூர்த்தி சாரும் சென்னை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் இருந்தார்கள். சார் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "நான் கேட்டது விஸ்கி சவர். அது என்ன என்று தெரிந்தே கேட்டேன். என் மைத்துனர் கதிரவன், ஓட்டலின் மூத்த பார் ஊழியர், என் எதிரில் புதுப் பாட்டிலைத் திறந்தார்" என்ற இடம் வந்ததும் சார் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "மூத்த பார் ஊழியர்" என்பதை நீங்கள் எழுதியிருந்த விதம், அது ஏதோ தாசில்தார் பதவி மாதிரி இருந்தது. "பானம் மிக நன்றாக இருந்தது, அதற்குப் பின் நேர்ந்ததற்கும் அதன் சுவைக்கும் சம்பந்தமில்லை" என்ற வரியைக் கேட்டு அந்த அம்மா சிரித்துவிட்டார்கள்.

அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான், முட்டை சேர்ப்பதைச் சொல்லவில்லை, அது என் தப்பு என்றேன். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். சரிதான், வாங்கிக்கொண்டேன். இனி விலைப்பட்டியலிலேயே அந்தப் பெயருக்குக் கீழே "முட்டை வெள்ளைக்கரு சேரும்" என்று தமிழில் போடலாமா என்று கேட்டேன். போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து ரேகாவிடம் சொன்னேன். "இப்ப முழு மார்க்" என்றாள். உங்களுக்கா எனக்கா என்று சொல்லவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு மத்தியானம் படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது மணி ஆறு.

இன்னொரு விஷயம். முட்டை வேண்டாம் என்பவர்களுக்குக் கப்பலில் வேறு ஒரு வழி வைத்திருந்தோம். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். நன்றாகக் கெட்டியாக இருக்க வேண்டும், உப்புப் போடாமல் வேகவைத்தது. அதைக் குலுக்கினால் வெள்ளைக்கரு மாதிரியே நுரை நிற்கும், வாசனையும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது ஞாபகம் வரவே இல்லை பாருங்கள். நம் வீடுகளில் சுண்டல் அன்றைக்கு வடித்துக் கொட்டுகிற தண்ணீர்தான். உங்களுக்குச் சுண்டல் ஒன்றும் செய்ததில்லையே? இருந்தாலும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா இன்னும் என் எண்ணைத் திறக்கவில்லை. நேற்று விசாரணை முடிந்ததும் ஒரு முறை அடித்துப் பார்த்தேன். கோபமா, இல்லை வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. கேட்காதீர்கள். நான் சும்மா எழுதினேன்.

கதிர்


சிதம்பரம்,
13 மார்ச் 2025

கதிர்,

உன் கடிதம் திங்கள்கிழமை வந்தது. அன்றைக்கு நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். பக்கிரி இந்த முறை பிரித்தே படித்துவிட்டார். "நல்ல செய்தின்னு வெளிச்சத்துல தெரிஞ்சுது சார், அப்புறம் எப்படி வைக்கறது?" என்றார். கடை வாசலில் எனக்கு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

கடிதத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, மறைக்காமல் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். மங்கலம் எடுத்துப் படித்தாள். திருப்பி மடித்து வைத்துவிட்டு சமையல்கட்டுக்குப் போனாள். அன்று இரண்டு புது ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய் போட்டாள். ஒவ்வொரு ஜாடியிலும் நாற்பது பழம். ஊறி வர ஒரு மாதம் ஆகும். காத்திருக்கத் தயார்.

டாக்டரிடமும் கேட்டேன். கொண்டைக்கடலைக்குத் தடை இல்லை.

நேற்று மத்தியானம் மூன்று மணிக்குக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து மத்துச் சத்தம் கேட்டது. மோர் கடையும் நேரம் அது இல்லை. பத்து நிமிஷம் ஓயவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். சுண்டலுக்கு வேகவைத்த கடலைத் தண்ணீரை எவர்சில்வர் குண்டானில் ஊற்றிக் கடைந்துகொண்டிருந்தாள். வியர்த்திருந்தது. குண்டான் நிறைய வெள்ளையாக நுரை. அதில் ஒரு கரண்டி எடுத்து, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து வைத்திருந்த டம்ளரின்மேல் போட்டாள். என்னிடம் நீட்டவில்லை. மேடையில் வைத்துவிட்டு விலகி நின்றாள். அந்தப் பத்து நாளில் எங்களுக்குள் அதுதான் வழக்கம்.

வேண்டியது எல்லாம் இருந்தது, விஸ்கியைத் தவிர. உன் அக்கா கைக்கு அளவு சொல்லித் தரத் தேவையில்லை, கடுப்பும் இனிப்பும் சரியாக நின்றன. குடிப்பதற்கு முன் நுரையை எண்ணினேன். நூறு வரை எண்ணி விட்டுவிட்டேன். அசையவில்லை.

"நிக்கிது மங்கலம்" என்றேன்.

"நிக்காம? கை இத்துப்போச்சு" என்றாள். மார்ச் 3க்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

அப்புறம் மத்தைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கதிரு பெரிய டப்பா ஒண்ணு வச்சி குலுக்குவானாமே? அதுல போட்டா சீக்கிரம் வருமா?"

"வரும்."

"அப்ப ஞாயித்துக்கெழம அத எடுத்துகிட்டு வரச்சொல்லுங்க. ரேகாவையும். எனக்குக் கை வலிக்கிது."

நானே போன் செய்து சொல்லச் சொன்னேன். "போன்ல பேசுனா நான் அழுதுடுவேன். நீங்கதான் எழுத்துக்காரரு, எழுதிப் போடுங்க" என்றாள். ஆகவே எழுதுகிறேன். உன் எண்ணை அவள் திங்கள்கிழமை மாலையே திறந்துவிட்டாள், சொல்ல வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மங்கலம் பக்கத்து வீட்டு இசைவாணி டீச்சர் குடும்பத்தையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். அவர்கள் நீ யார் என்று கேட்பார்கள். நான் மழையைப் பற்றிப் பேசமாட்டேன்.

பத்தரை மணிக்குள் வந்துவிடு. கேட்டுவிட்டுச் சேர். இனிக் கடிதம் எழுதினால் பக்கிரி கடைக்கு வேண்டாம், வீட்டுக்கே போடு.

மாமா